மாடிக்கு ஏற்றிய இருமல்

பானுப்பிரியாவின் நாள் மாமனாரின் சளி டப்பாவோடுதான் விடியும். சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, அந்தப் பிளாஸ்டிக் டப்பாவின் விளிம்பை இரண்டே விரல்களால் பிடித்துத் தூக்குவாள். மாடிக் குளியலறையில் கொட்டி, பினாயில் ஊற்றி, ஒரு வாளித் தண்ணீரை வீசி அடித்துவிட்டு வெளியே வருவதற்குள் அவளுக்குக் குமட்டிவிடும். அதற்கப்புறம் குடிக்கிற காப்பிகூட வாய்க்கு ருசிக்காது.

“ஒனக்குத்தான்... சங்கடம் தாயி” என்பார் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் கண்ணுச்சாமி. இரண்டு வார்த்தை பேசினால் நடுவே ஒரு மூச்சு இழுத்தாக வேண்டும் அவருக்கு.

“அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா” என்பாள் அவள், தலைப்பை மூக்கிலிருந்து எடுக்காமலே.

கண்ணுச்சாமி ராஜபாளையத்துப் பழைய மில் ஒன்றில், பஞ்சுப் பொதியை உடைத்து மெஷினுக்குப் போடும் பகுதியில் ஆயுசில் பாதியைக் கழித்தவர். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது புருவமெல்லாம் நரைத்த மாதிரி பஞ்சு படிந்திருக்கும். போதாக்குறைக்குப் பீடியும் உண்டு. பீடியை அவர் விட்டு வருஷக்கணக்காகிறது. ஆனால் பஞ்சும் பீடியும் தின்றது தின்றதுதான், நுரையீரலில் பெரும்பகுதி போய்விட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் அதற்கு சி.ஓ.பி.டி. என்று பெயர் சொன்னார். ஊரில் அதற்குப் பெயர் இழுப்பு.

ஆடி மாதம் வரை அவர் கீழே ஹாலில்தான் இருந்தார். மகன் விக்னேஸ்வரனுக்கு பஜாரில் பெயிண்ட் கடை. கடைக்கு வருகிற பெரிய காண்ட்ராக்டர்கள் வீட்டுக்கும் வருவார்கள்.

“அப்பா இருமுத இருமல்ல வந்தவிய டீயைக் குடிக்காம வச்சிட்டுப் போயிருதாவ. எனக்கு மானம் போகுது” என்று பொருமிக்கொண்டிருந்த விக்னேஸ்வரன், ஒருநாள் கடைப் பையன்களைக் கூப்பிட்டுக் கட்டிலோடு அப்பாவையும் மாடிக்கு ஏற்றிவிட்டான். பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம் வாய் கூசாமல் சொன்னான்: “அப்பாவுக்கு மாடியில தனி ரூம். தனி டிவி. ஆக்சிஜன் மெஷின். ராசா மாதிரி இருக்காவ.” சொந்தக்காரர்களும் “பிள்ளைன்னா இப்படியில்ல இருக்கணும்” என்று மெச்சிக்கொண்டார்கள்.

அந்த ராஜாவின் அரண்மனையையும் சொல்லிவிட வேண்டும். மாடியில் தெருவைப் பார்த்த அறை ஒன்று உண்டு. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும், காற்று பிய்த்துக்கொண்டு வரும். அது எப்போதோ வருகிற விருந்தாளிக்காகப் பூட்டியே கிடந்தது. கண்ணுச்சாமிக்குக் கிடைத்தது பின்பக்கத்து அறை. அதன் ஜன்னலில் அடுத்த வீட்டுச் சுவரும் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டியும் தெரியும். ஐந்தாறு எட்டு நடந்து குளியலறைக்குப் போகவே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று போகிற மனுஷனுக்கு அந்த வீட்டு மாடிப்படி ஒரு மலைதான். ஆடியில் ஏறியவர் தை பிறந்தும் இறங்கவில்லை. மில்லில் கூட வேலை பார்த்த எட்வின் தொடக்கத்தில் வாரந்தோறும் பார்க்க வந்தார். “அப்பா தூங்குதாவ” என்று ஒவ்வொரு தடவையும் வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். பிறகு அவரும் வருவதை நிறுத்திவிட்டார்.

ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்த ஹெப்சிபா என்ற பெண், அவரை மாடிக்கு ஏற்றுவதற்கு முன்பே எச்சரித்திருந்தாள். “சளியெல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாத்தாச்சு, டி.பி. கெடையாது. இது யாருக்கும் ஒட்டாது. அய்யாவப் படுக்கையில மட்டும் போட்டுராதீங்க. மூச்சு வாங்கும்னு பயந்து உக்காந்தே இருந்தா, இருக்குற பலமும் போயிரும். நிதானமா நடக்கணும். நாலு பேரோட பேசிச் சிரிக்கணும். மருந்து பாதி, அது பாதி.”

விக்னேஸ்வரன் பவ்யமாகத் தலையாட்டினான். காரில் ஏறியதும், “நடக்கணுமாம்ல! விழுந்து கெடந்தா அந்தப் புள்ளையா வந்து தூக்கும்? ரெஸ்ட் எடுக்கட்டும்” என்று முடித்துவிட்டான். சளி டப்பா மாடிக்குப் போனது பானுப்பிரியாவுக்கும் வசதியாகத்தான் இருந்தது.

தை மாதத்தில் அவள் நாத்தனார் கனகலட்சுமிக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்தது. கனகலட்சுமி சேத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் பஸ்ஸில் போய்வருகிறாள். இதற்கு முன் வந்த இரண்டு இடமும், “பொண்ணோட அப்பனுக்கு இழுப்பாமே, பிள்ளைகளுக்கும் வருமே” என்று தட்டிப் போயிருந்தன. இந்த மாப்பிள்ளை முத்துக்குமரன் பட்டாளத்தில் இருந்தான். சுந்தரபாண்டியத்துக் குடும்பம், நஞ்சையும் புஞ்சையுமாக நல்ல நிலபுலம். அவன் லீவு கிடைத்து வருவதற்குள் அம்மா வேலுத்தாயும் தாய்மாமன் பேச்சிமுத்துவும் பெண்ணைப் பார்த்துப் பேசி முடித்துவிடுவதாக ஏற்பாடு.

“அப்பா எங்கன்னு கேட்டா?” என்றாள் பானுப்பிரியா.

விக்னேஸ்வரன் அதற்கும் வழி வைத்திருந்தான். “பழனிக்குப் பாதயாத்திரை போயிருக்காவன்னு சொல்லிட்டேன். தைப்பூசத்துக்கு ஊரே நடந்து போகுது. யாரு சந்தேகப்படுவா?”

கனகலட்சுமி அண்ணன் முகத்தையே பார்த்தாள். “பாத்ரூமுக்கு நடக்க முடியாதவியள பழனிக்கு நடக்க விட்டுட்டியா அண்ணே?”

“ஏட்டி, ஒனக்காகத்தான் இம்புட்டுப் பாடு படுதேன். வாய மூடிக்கிட்டு இரு” என்று அவன் சீறினான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடே அமர்க்களப்பட்டது. தரையைத் துடைத்தாயிற்று, சோபாவுக்குப் புது உறை போட்டாயிற்று, கேசரி கிண்டியாயிற்று. விக்னேஸ்வரன் மாடிப்படி அடியில் நின்று நாய் மாதிரி மோப்பம் பிடித்தான். “மருந்து வாடை அடிக்கி பாரு. சளி வாடையும் சேந்து வருது. சாம்பிராணி போடு” என்றான். மேலே ஆக்சிஜன் மெஷின் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. “அதையும் நிப்பாட்டு. வந்தவிய போனதும் போட்டுக்கலாம். அரை மணி நேரத்துல ஒண்ணும் ஆயிராது.”

பானுப்பிரியா மாடி ஏறினாள். கண்ணுச்சாமி அன்று தானாகவே முகம் கழுவி, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் தன்னைக் கூப்பிடப் போவதில்லை என்று தெரிந்தும் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சட்டையைப் பார்த்ததும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவரே மெஷின் பக்கம் கையைக் காட்டினார்.

“அணைச்சுப் போடு தாயி. எம் மவளுக்காக... செத்த நேரம்... இருக்க மாட்டனா?”

“இருமல் வந்தா...”

“வராது. நான்... பாத்துக்கிடுதேன்.”

அவள் சுவிட்சை அணைத்தாள். அறை சட்டென்று அமைதியாயிற்று. வெளியே வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள். நடக்கவே முடியாதவருக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்று அவளுக்கே தோன்றியது. தோன்றியும் போட்டாள். கீழிறங்கும்போது தூபக்காலில் தேங்காய்ச் சிரட்டைக் கங்கைப் போட்டு, ஒரு கை நிறையச் சாம்பிராணியைத் தூவி, மாடிப்படி திரும்புகிற இடத்தில் வைத்துவிட்டு வந்தாள். வாடை கீழே இறங்காமல் இருக்க வைத்த புகை மேலே ஏறுமே என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். வேலுத்தாய் நடுவயதுக்காரி. கழுத்து நிறைய நகை, பேச்சில் அளவு. அவளுக்கும் சேர்த்துப் பேசுவதற்கு அண்ணன் பேச்சிமுத்து இருந்தார். போலீசில் இருந்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்ததுமே விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

“சம்பந்தி பழனிக்கா போயிருக்காவ? இந்த வயசுல நடந்தா?”

“ஆமா மாமா. வருசம் தவறாம நடப்பாவ” என்றான் விக்னேஸ்வரன். 

“அடேயப்பா! கால் வலி கீல் வலி?”

“ஒண்ணும் கெடையாது. நேத்துகூட போன்ல பேசுனாவ. ‘சின்னப் பயலுவ எல்லாம் பின்னால வாரானுவ, நான்தான் முன்னால போறேன்’னு ஒரே சிரிப்பு.”

பேச்சிமுத்து தங்கையைப் பார்த்துத் தலையாட்டினார். “பாத்தியா வேலு? திடமான உடம்பு. அப்பன் உடம்பு எப்படியோ, பிள்ளை உடம்பும் அப்படித்தான்.”

கேசரித் தட்டோடு நின்ற பானுப்பிரியாவுக்குக் காது கூசியது. உயிரோடு இருக்கிற அப்பனை ஒருவன் இத்தனை சரளமாகப் பொய்யால் நடத்திக்கொண்டு போகிறானே, கொஞ்சமாவது நாக்கு தடுக்கவேண்டாமா என்றிருந்தது. சிரித்த முகத்தோடு அந்தப் பொய்க்குக் கேசரி பரிமாறுகிறவள் தான்தான் என்பதும் உறைத்தது.

கனகலட்சுமி வந்து கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். வேலுத்தாய்க்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. பேச்சு ஜாதகத்துக்குப் போயிற்று, மண்டபத்துக்குப் போயிற்று, சமையல்காரருக்குப் போயிற்று. அரை மணி நேரம் எப்போதோ கழிந்துவிட்டது. இன்னொரு தடவை காப்பி போடச் சமையலறைக்குள் போன பானுப்பிரியா, பால் பொங்கும்வரை சும்மா நின்றபோதுதான் ஒன்றைக் கவனித்தாள். மாடியிலிருந்து இருமல் சத்தமே கேட்கவில்லை. 

இத்தனை மாதத்தில், அந்த இருமல் இல்லாமல் ஒரு காப்பி போடும் நேரம் கழிந்ததே கிடையாது. எத்தனை தடவை “இது நிக்கவே நிக்காதா” என்று பல்லைக் கடித்திருக்கிறாள்! இப்போது அது நின்றிருந்தது. அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, ஹாலைக் கடந்து, விக்னேஸ்வரன் கண்ணால் அதட்டியதையும் பார்க்காமல் மாடிப்படியில் ஓடினாள்.

படியில் கால் வைக்கும்போதே கண் எரிந்தது. மேலே வெராந்தாவில் சாம்பிராணிப் புகை மூட்டமாக நின்றது. தாழ்ப்பாளைத் திறந்தாள். உள்ளேயும் அதே புகை. கண்ணுச்சாமி கட்டில் விளிம்பில் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு இருந்தார். தோள்பட்டை இரண்டும் மேலே தூக்கித் தூக்கி இறங்கின. உதடும் நகமும் நீலம் பாரித்திருந்தன. வாயில் தோள் துண்டைச் சுருட்டித் திணித்திருந்தார். இருமல் கீழே கேட்டுவிடக் கூடாதாம். அவளைக் கண்டதும், வேண்டாம், போ, கீழே போ என்று கையை மட்டும் ஆட்டினார்.

பானுப்பிரியா துண்டைப் பிடுங்கி எறிந்தாள். அடக்கி வைத்திருந்த இருமல் மொத்தமாக வெடித்தது. சளி அவளுடைய பட்டுச் சேலை மடியில் விழுந்தது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. மெஷினைப் போட்டாள், குழாயை மூக்கில் மாட்டினாள், ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். “கனகா! பம்பு எடுத்துட்டு வா! என்னங்க, ஓடி வாங்க, மாமாவுக்கு மூச்சு போகுது!” என்று தெருவே கேட்கக் கத்தினாள். பழனிப் பாதயாத்திரை அத்தோடு முடிந்தது.

கனகலட்சுமிதான் முதலில் ஓடி வந்தாள். இன்ஹேலரை அப்பாவின் வாயில் வைத்து, “இழுங்கப்பா, மெதுவா, உதட்டக் குவிச்சு ஊதுங்க” என்று முதுகைத் தடவினாள். அவளுக்குப் பின்னால் விக்னேஸ்வரன், அவனுக்கும் பின்னால் விருந்தாளிகள். பேச்சிமுத்து வாசற்படியைத் தாண்டவில்லை.

“பழனிக்குப் போனவரு இவருதானா?” என்றார். “ஏம்ப்பா, ஒட்டுமா இது? இந்த வீட்டுத் தண்ணியை வேற குடிச்சுத் தொலைச்சிட்டோமே!”

வேலுத்தாய் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

பானுப்பிரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் காலையில் இதே இடத்தில், இதே மாதிரி மூக்கைப் பொத்தி, இதே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பவள் அவள். பார்க்கிறவர் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. கட்டிலில் இருக்கிற மனுஷன் இதைத் தினமும் பார்த்துவிட்டுத்தான் “ஒனக்குத்தான் சங்கடம் தாயி” என்று சொல்லியிருக்கிறார்.

கண்ணுச்சாமியின் மூச்சு மெல்ல மெல்லச் சீராகிக்கொண்டிருந்தது. அது இன்னும் முழுதாகத் திரும்பக்கூட இல்லை, அதற்குள் பேச்சிமுத்துவும் வேலுத்தாயும் வெராந்தாவில் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு வேலுத்தாய் தலைப்புக்குள்ளிருந்தே சொன்னாள்: “பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. படிப்பும் இருக்கு. நாங்க வேண்டாம்னு சொல்லல. ஆனா கல்யாணத்துல இவிய வந்து நிக்கக் கூடாது. வேற யாராச்சும் தாரை வாத்துக் குடுக்கட்டும். பொறவும் எங்க வீட்டுப் பக்கம் வரக் கூடாது. அதுக்குச் சம்மதம்னா பேசுவோம்.”

அப்பன் மூச்சுக்குத் தவிக்கிற கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற விக்னேஸ்வரனின் முகம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது. “அதுக்கென்ன அத்தே! அப்பாவால மாடியவிட்டே எறங்க முடியாது. சித்தப்பா இருக்காவ, அவிய தாரை வாத்துருவாவ. நீங்க தேதி மட்டும் சொல்லுங்க!”

பானுப்பிரியாவுக்குக் குமட்டியது. மடியில் கிடந்த சளி அவளை ஒன்றும் செய்யவில்லை. எதிரே நின்ற அந்த மலர்ந்த முகத்தைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

“தேதியெல்லாம் வேண்டாம்” என்றாள் கனகலட்சுமி. அவள் அப்பாவின் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை. “எங்கப்பாவப் பாத்து மூக்கப் பொத்துத வீட்டுல எனக்கு என்ன வேலை? நீங்க போய்ட்டு வாங்க.”

“ஏட்டி!” என்று கை ஓங்கிக்கொண்டு வந்த விக்னேஸ்வரனைக் கண்ணுச்சாமி தடுக்கப் பார்த்தார். “விடுல... அவியள... அனுப்பாத... மவ வாழ்க்கை...” அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் வந்தவர்கள் அதற்குள் படி இறங்கிவிட்டார்கள். பேச்சிமுத்து போகிற போக்கில் கிணற்றடிக் குழாயில் முழங்கை வரை கை கழுவினார்.

கார் கிளம்பிய சத்தம் அடங்கியதும் விக்னேஸ்வரன் மனைவி பக்கம் திரும்பினான். “எல்லாம் ஒன்னாலதான். செத்த நேரம் பொறுத்திருந்தா முடிஞ்சிருக்குமே!”

“ஆமா, முடிஞ்சிருக்கும். ஒங்கப்பா முடிஞ்சிருப்பாவ” என்றாள் பானுப்பிரியா. “கதவைத் தாழ் போட்டது நான். மெஷினை அணைச்சது நான். சாம்பிராணி வச்சது நான். மாமா வாயில துணியத் திணிச்சுக்கிட்டு ஒங்க மானத்தக் காப்பாத்திட்டு இருந்திருக்காவ. அந்தத் துண்டை எடுத்துப் பாருங்க. கையில எடுத்துப் பாருங்க!”

விக்னேஸ்வரன் தரையில் கிடந்த துண்டைப் பார்த்தான். அதில் பல் பதிந்த இடமெல்லாம் ஈரமாக இருந்தது. குனிந்து எடுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். அப்பாவின் வெள்ளைச் சட்டையை அப்போதுதான் கவனித்தான் போலும். “வெள்ளச் சட்டை எதுக்குப்பா போட்டிய?” என்று கேட்டான். 

“கூப்பிட்டா... வரணும்ல” என்றார் கண்ணுச்சாமி.

மகன் முகத்தை மூடிக்கொண்டு விம்மினான். பெரிய மனசு வந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. வெட்கம் வந்தது. தொடக்கத்துக்கு அது போதும்.

அன்றே ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் மகனையும் மருமகளையும் வெளுத்து வாங்கினார். சில நாள் கழித்துத் திரும்பி வந்தபோது கண்ணுச்சாமியின் கட்டில் மறுபடி கீழே ஹாலில், தெரு ஜன்னலோரம் கிடந்தது. ஹெப்சிபா சொன்னபடி கூடத்திலேயே கனகலட்சுமி அவரைப் பிடித்து நடக்க வைத்தாள். இரண்டு எட்டு நடந்து, நின்று, உதட்டைக் குவித்து ஊதி, மறுபடி இரண்டு எட்டு. சளி டப்பாவைப் பானுப்பிரியா இப்போதும் தினமும் கொட்டினாள். சளி சளிதான், அது மணக்கத் தொடங்கிவிடவில்லை. ஆனால் தலைப்பு இடுப்பில் செருகியபடியே இருந்தது.

மாசி பிறந்து ஒருநாள் சாயங்காலம் கண்ணுச்சாமி முதல் தடவையாகத் தெருவாசலுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். சொல்லி அனுப்பியதும் எட்வின் ஓடி வந்துவிட்டார். டீயை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பழைய மில் மேஸ்திரியைப் பற்றி என்னமோ பேசிச் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாயிற்று, இருமல் அடங்கியதும் மறுபடி சிரிப்பாயிற்று.

எதிர்வீட்டு அழகுத்தாய் தெருவிலேயே நின்றுவிட்டாள். பழனிக் கதை அதற்குள் தெரு முழுக்கப் பரவியிருந்தது. “அண்ணாச்சி! பழனியில இருந்து எப்ப வந்தீய?”

“இப்பத்தான் வாரேன்” என்றார் கண்ணுச்சாமி, மூச்சை இழுத்துக்கொண்டு. “மாடியில இருந்து... வாசலுக்கு. பழனியவிட... தூரம்மா அது.”

அழகுத்தாய் சிரித்துக்கொண்டே கிட்டே வரப் பார்த்தாள். அவர் மறுபடி இருமியதும் இரண்டு அடி பின்னால் போனாள். கை தானாகச் சேலைத் தலைப்புக்குப் போனது. “ஏ பானு, இது ஒட்டிக்கிடாதுல்ல?” என்று மெதுவாகக் கேட்டாள்.

பானுப்பிரியா ஒரு நாற்காலியை இழுத்து மாமனாருக்குப் பக்கத்தில் போட்டாள்.

“இழுப்பு ஒட்டாதுக்கா. அருவருப்புதான் ஒட்டும். எனக்கு வந்து, எங்க வீட்டுக்காரவியளுக்கு வந்து, வாசல் தாண்டி வந்த விருந்தாளிக்கும் வந்துச்சு. நோய் அவிய மூச்சுல பாதியத்தான் எடுத்துச்சு. மிச்சப் பாதிய மூக்கப் பொத்தியே எடுக்கப் பாத்தது நாங்க. மூச்சு ஓடுதுன்னு ஒரு மனுசன மூலையில போட்டு வச்சா அது பொழைக்க வைக்கிறது ஆகாதுக்கா. தலைப்ப எடுத்துட்டு வந்து உக்காருங்க. மாமாவுக்குப் பேச ஆளு வேணும்.”